தறிச்சத்தத்தில் தூங்கும் பிள்ளை

பிப்ரவரி 12, திங்கள்

ஏழாம் தறியில் பாவு நூல் தீர்ந்து புதுப் பாவு பிணைத்தாயிற்று. காலையிலிருந்து கரண்டு ஒழுங்காக இருந்தது. நல்ல நாளாகப் போகும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது தபால்காரர் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு கவரை நீட்டினார். அத்தோடு இன்றைய பொழுது நாசம்.

பக்கத்து சைட்டில் வீடு கட்டிக் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த ஜெசிந்தா மேடம் என் பன்னிரண்டு தறிகளின் மேல் கவர்மெண்டு ஆபீசில் மனுக் கொடுத்திருக்கிறார். நகலை எனக்கு அனுப்பி, பதில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவர் பல்லடம் பக்கம் ஒரு காலேஜில் இங்கிலீஷ் பாடம் எடுக்கிறவர், அதனால் மனுவும் இங்கிலீஷில். தலைப்பிரசவத்துக்கு வந்து இங்கேயே இருக்கும் மகள் மைதிலிதான், குட்டியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே படித்துச் சொன்னாள். நடுவில் ஒரு வார்த்தையில் அவளே தடுமாறினாள்.

"கக்கோஃபனின்னு போட்டிருக்குதுங்கப்பா."

"அப்படின்னா?"

"சத்தம்னு நெனைக்கறனுங்க."

"சத்தத்துக்கு நாய்ஸுன்னு ஒரு வார்த்தை எனக்கே தெரியுது. அதப் போட்டா அந்தம்மாளுக்கு ஆகாதாமா?"

மைதிலி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பன்னிரண்டு தறியும் நின்றால் என் வீட்டு அடுப்பும் நிற்கும், என்னிடம் தறி ஓட்டும் ஆறுச்சாமி வீட்டு அடுப்பும் நிற்கும்.

பிப்ரவரி 13, செவ்வாய்

மைதிலி செல்போனில் தேடி அர்த்தம் எடுத்துக் கொடுத்தாள். ஒழுங்கில்லாத, ஒன்றோடொன்று சேராத, காதுக்கு ஒவ்வாத பெருஞ்சத்தம். எங்கெங்கே சொல்லலாம் என்றும் போட்டிருந்ததாம். நாற்சந்தியில் எல்லா வண்டியும் சேர்ந்து ஹாரன் அடித்தால் அதைச் சொல்லலாம். சாயங்காலம் மரத்தில் காக்கைக்கூட்டம் கத்தினால் அதையும் சொல்லலாம்.

பெருஞ்சத்தம் என்று சொல்லட்டும், ஒப்புக்கொள்கிறேன். தறி என்றால் சத்தம் வரத்தான் செய்யும், பூப்போலவா ஓடும்? ஆனால் ஒழுங்கில்லாத சத்தமாம்! என் தறி ஒவ்வொன்றும் அடி பிசகாமல் அடிக்கும். காக்கைக்கூட்டத்தோடு சேர்த்துவிட்டாரே அந்த அம்மாள்.

என்னிடம் சாட்சி இருக்கிறது. தறி ஷெட்டுக்கும் நடு ரூமுக்கும் இடையில் ஒரே ஒரு செங்கல் சுவர். அந்த ரூமில்தான் பிறந்ததிலிருந்து என் பேரன் தூங்குகிறான். பன்னிரண்டும் ஓடினாலும் ஒரு சிணுங்கல் கிடையாது. ஒரு மாதக் குழந்தைக்கு இல்லாத தொந்தரவு காலேஜ் டீச்சருக்கு எங்கிருந்து வருகிறது?

பிப்ரவரி 15, வியாழன்

மத்தியானம் கரண்டு போய் எல்லாத் தறியும் ஒரே சமயத்தில் நின்றுவிட்டன. மைதிலி கைக்குழந்தையாக இருந்தபோது தறி நின்றால் போதும், வீல் என்று கத்திக்கொண்டு முழித்துவிடுவாள். தறிக்கார வீட்டுப் பிள்ளைகள் எல்லாமே அப்படித்தான். ஓடும்போது தூங்கும், நின்றால் முழிக்கும். என் பேரன் ஓடினாலும் தூங்குகிறான், நின்றாலும் தூங்குகிறான். தங்கமான பிள்ளை என்று என் வீட்டுக்காரி துளசிமணி உப்பு சுற்றிப் போட்டாள்.

மைதிலி மட்டும் தொட்டிலைப் பார்த்தபடியே நின்றாள்.

"ஏனுங்கப்பா, காது டெஸ்ட் எடுக்கோணும்னு ஆஸ்பத்திரில சொன்னாங்கல்ல? அன்னிக்கு மெஷின் ரிப்பேர்னு அனுப்பிட்டாங்க. ஒரு எட்டுப் போயிட்டு வந்தர்லாங்களா?"

"பச்சப் புள்ளையத் தூக்கிக்கிட்டு வெய்யில்ல அலையறதா? தறிக்காரன் பேரன் கண்ணு அவன். சத்தத்துக்குப் பழகிப்போச்சு."

"பொறந்து ஒரு மாசத்துல பழகுமுங்களா?"

"நீ வயித்துல வெச்சிருந்தப்பவே இங்கதான் இருந்தே."

நான்காம் தறியில் குறுக்கே ஓடும் நாடா தெறித்து நூல் அறுந்திருந்தது, அதைப் பார்க்கப் போனேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

நடு ரூமில் பித்தளைச் சொம்பு கை தவறிக் கீழே விழுந்தது. குட்டி முழித்துத்தான் இருந்தான். கை விரலைச் சப்பிக்கொண்டிருந்தான். நல்ல பிள்ளை, பயப்படவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

இன்று தாம்பாளம்.

பிப்ரவரி 21, புதன்

துளசிமணி சமையல்கட்டில் இருந்து கத்துகிறாள். "ஞாயித்துக்கெழம சொம்பு, அப்பறம் தாம்பாளம், இன்னிக்குக் குக்கர் மூடி! உங்க கைக்கு என்னுங்க கேடு வந்துச்சு? பாத்தரமெல்லாம் நசுங்கிப் போச்சு!"

கை வழுக்குகிறது என்றேன். வயசாகிறதல்லவா.

சாயங்காலம் கொசுத் தொந்தரவு. தொட்டிலின் தலைமாட்டில் நின்று இரண்டு கையாலும் படார் படார் என்று அடித்தேன். ரொம்ப நேரம் அடித்தேன். கொசு எதுவும் சாகவில்லை. உள்ளங்கை சிவந்து போயிற்று.

பிப்ரவரி 24, சனி

ஜெசிந்தா மேடம் கேட்டருகில் குப்பைக்கூடையோடு நின்றார். பேசாமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். என் வாய் சும்மா இருந்தால்தானே?

"ஏனுங்க மேடம், என் தறி ஒழுங்கில்லாமயா ஓடுது? அந்த வார்த்தைய எப்படிங்க எழுதலாம்?"

அவர் கோபப்படுவார் என்று பார்த்தேன். பாடம் எடுப்பதுபோலப் பொறுமையாகச் சொன்னார். "ஒரு தறி ஓடினா ஒழுங்குதான் சார். கேக்க நல்லாவே இருக்கும். பன்னிரண்டும் சேந்து ஓடறப்போ ஒண்ணு முந்தி அடிக்குது, ஒண்ணு பிந்தி அடிக்குது. எதுவும் எதோடயும் சேரல. அதுக்குத்தான் அந்த வார்த்தை. வெறும் சத்தம்னா எழுதிருக்க மாட்டேன்."

அவர் சொன்னது நிஜம்தான். பன்னிரண்டும் ஒரே அடியாக எந்த ஷெட்டில் அடித்திருக்கிறது? ஆனால் விட்டுக்கொடுக்க முடியுமா?

"எங்க பேரன் இதுலதானுங்க தூங்கறான். ஒரு சிணுங்கலு கெடையாது."

"இந்தச் சத்தத்துலயா? கைக்குழந்தை எப்படி சார் தூங்கும்?"

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குள் வந்த பிறகும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. சனியன்.

பிப்ரவரி 28, புதன்

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆபீசர் நேரில் விசாரிக்க வருகிறாராம். சத்தம் அளக்கிற கருவியும் கொண்டு வருவாராம். சோறு இறங்கவில்லை.

இந்த நேரம் பார்த்து மைதிலி மறுபடி ஆரம்பித்தாள். ஓசூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையிடம் போனில் பேசிவிட்டாளாம், அவரும் டெஸ்ட் எடுத்துவிடுவதே நல்லது என்கிறாராம்.

"விசாரணை முடியட்டும்" என்றேன்.

"ரெண்டுக்கும் என்னுங்கப்பா சம்பந்தம்?"

"என்ன சம்பந்தமா? இப்ப நீ காது, கீதுன்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனீன்னா, தறிச்சத்தத்துல புள்ளைக்கே காது போச்சுன்னு அந்தம்மா இன்னொரு மனு எழுதும். ஆபீசரு அன்னிக்கே ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டுருவாரு. ஒரு வாரம் பொறுத்தா குடியா முழுகிரும்?"

"என்ற புள்ளைக்குக் காது கேக்குதான்னு தெரிய நான் ஆபீசரைக் கேக்கோணுங்களா?"

அவள் என்னிடம் இப்படிக் குரல் உயர்த்தியது இல்லை. துளசிமணி குறுக்கே வந்து இருவரையும் அடக்கினாள். "தொறந்த வாய மூடாம ரெண்டு பேரும் புள்ளைய எழுப்பிராதீங்க" என்றாள். குட்டி எழுந்திருக்கவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

பதில் மனு எழுதி முடித்தாயிற்று. தறி ஒவ்வொன்றும் ஒழுங்காக ஓடுகிறது, கைக்குழந்தையே பக்கத்தில் தூங்குகிறது, நேரில் காட்டத் தயார் என்று எழுதியிருக்கிறேன். ஆறுச்சாமியிடம் வாசித்துக் காட்டினேன். "நெத்தியடிங்ணா" என்றான்.

மார்ச் 5, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

காலையில் ஷெட்டுக்குள்ளேயே, உத்தரத்தில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டேன். மைதிலி தலைக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்துத் துளசிமணியிடம் குட்டியை வாங்கிக்கொண்டேன். "அவ வந்தா வைவாளுங்க" என்றாள். பத்து நிமிஷத்தில் தருகிறேன் என்றேன்.

ஆபீசர் வந்தார், சின்ன வயசுக்காரர். பின்னாலேயே ஜெசிந்தா மேடமும் வந்தார். எல்லாத் தறியையும் ஓட்டச் சொல்லிக் கருவியைப் பிடித்துப் பார்த்தார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்தேன், புரியவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டே எழுதினார். பிறகு பேசுவதற்காகத் தறியை எல்லாம் நிறுத்தச் சொன்னார்.

"என்னங்க இது, கைக்குழந்தையைக் கொண்டுவந்து இங்க போட்டிருக்கீங்க?"

"அதுதானுங்க என்ற சாட்சி! இத்தன நேரம் ஓடுச்சே, அழுதானுங்களா? நீங்களே வந்து பாருங்க."

குட்டி முழித்துக்கொண்டு கூரை ஓட்டைப் பார்த்தபடி கையை ஆட்டிக்கொண்டிருந்தான். மூவரும் தொட்டிலைச் சுற்றி நின்றோம். அப்போதுதான் அது நடந்தது. பாவு சுற்றிய பீமை, அந்த இரும்பு உருளையை, ஆறுச்சாமி சங்கிலி மாட்டித் தூக்கிக்கொண்டிருந்தான். கொக்கி நழுவி, அந்தப் பெரும் பாரம் சிமென்ட் தரையில் இறங்கியது. தொட்டிலுக்குப் பின்னால், நாலடி தூரம்கூட இருக்காது.

ஷெட்டே அதிர்ந்தது. ஆபீசர் பாய்ந்து சுவரில் மோதிக்கொண்டார், கையிலிருந்த ஃபைல் பறந்தது. மேடம் "ஐயோ யேசுவே!" என்று அலறி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷம் தறியில் கிடந்தவன் நான், எனக்கே உயிர் போய் வந்தது.

குட்டி கண்ணைச் சிமிட்டவில்லை. தலையைத் திருப்பவில்லை. ஆட்டிய கையை நிறுத்தக்கூட இல்லை. என் முகத்தைப் பார்த்து, இரண்டு நாளாகக் கற்றுக்கொண்ட சிரிப்பைச் சிரித்தான்.

ஆபீசர்தான் முதலில் பேசினார். "அடேங்கப்பா! நீங்க சொன்னது சரிதான் போல. நாங்க செத்துப் பொழைச்சோம், இவன் அசையக்கூட இல்லையே!" என்று சிரித்தார். ஃபைலை எடுத்து, குழந்தைக்குத் தொந்தரவு இல்லை என்று என் கண் முன்னால் எழுதினார். தறியை நிறுத்த வேண்டாம், நேரத்தை மட்டும் குறைத்துக்கொண்டால் போதும் என்று மேலிடத்துக்குச் சொல்லுகிறேன் என்றார்.

ஜெசிந்தா மேடம் ஆபீசரைப் பார்க்கவில்லை, குட்டியையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிந்தது அவருக்கும் புரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் ஷெட்டை அங்கேயே மூட வைத்திருக்கலாம். சொல்லாமல் போய்விட்டார்.

ஜெயித்துவிட்டேன். ஆறுச்சாமி டீ வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தான்.

மார்ச் 6, புதன்

தறி ஓடியது. மைதிலியின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டேன்.

மார்ச் 7, வியாழன்

கேட்டருகில் மேடம் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"சார், மனுவப் பத்திப் பேச வரல. பாப்பாவுக்குக் காது டெஸ்ட் எடுத்தாச்சா?"

என்ன வெறி பிடித்ததோ எனக்கு. "எங்க ஊட்டுப் புள்ளையப் பத்தி நீங்க பேசாதீங்க! மனுப் போட்டு முடியல, இப்ப இப்படிக் கெளம்பிட்டீங்களா? எம் பேரன் நல்லாத்தான் இருக்கறான்!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "சீக்கிரம் போனா நல்லது சார், அதான் சொல்ல வந்தேன்" என்றுவிட்டுப் போனார்.

திரும்பினால் பின்னால் மைதிலி. குட்டி அவள் தோளில். நான் கத்திய கத்தலுக்கு அவள் தோள் மேலேயே தூங்கிக்கொண்டிருந்தான்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சொம்பைப் போட்டது, தாம்பாளம் போட்டது, கொசு அடித்தது, பீம் விழுந்தது எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வாரமாக எனக்குத் தெரியும் கண்ணு என்றேன். தெரியும், தெரியவே கூடாதென்று இருந்தேன் என்றேன்.

வைவாள் என்று நினைத்தேன். வைதிருந்தால் தேவலாம். பக்கத்தில் உட்கார்ந்து, "நானும் கை தட்டிப் பாத்தனுங்கப்பா" என்றாள். "நீங்க இல்லாதப்ப எல்லாந் தட்டிப் பாத்தேன். நீங்க பழகிப்போச்சுன்னு சொல்றப்ப அது நெசமா இருக்கோணும்னு சாமி கும்பிட்டேன்." அப்புறம்தான் அழுதாள். நானும் அழுதேன், என் வாழ்நாளில் அப்படி அழுததில்லை. ஆறுச்சாமி ஷெட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

மார்ச் 11, திங்கள்

கோயமுத்தூர் ஆஸ்பத்திரி. மாப்பிள்ளை நேராக அங்கே வந்துவிட்டார். குட்டியைத் தூங்க வைத்து, தலையில் வயர் ஒட்டி, சத்தமே புகாத ஒரு ரூமில் வைத்துப் பார்த்தார்கள். ரொம்ப நேரம் ஆயிற்று. நாங்கள் வெளியே உட்கார்ந்திருந்தோம்.

இரண்டு காதும் கேட்கவில்லை. மொத்தமாகப் போகவில்லை, ரொம்பக் கொஞ்சம் இருக்கிறது. முதலில் காதுக் கருவி மாட்டிப் பார்க்கலாம், அது போதாவிட்டால் பிறகு ஆபரேஷன் என்றார் டாக்டரம்மா. கேட்டால்தான் பேச்சு வருமாம். சீக்கிரமே கொண்டுவந்தது நல்லது என்றார். சீக்கிரமாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எங்க தறிச்சத்தத்துனாலயாங்க?" என்று கேட்டேன்.

"அப்படித் தெரியலைங்க. பொறவிலேயே இருந்திருக்கணும்" என்றார். அதைக் கேட்டு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. தறி செய்யவில்லை சரி, நான் செய்தது?

கிளம்பும்போது இன்னொன்று சொன்னார். கருவி மாட்டிய பிறகு பிள்ளைக்கு அம்மாவின் பேச்சு தனியாகக் காதில் விழ வேண்டும், பக்கத்தில் பெரிய இரைச்சல் இருந்தால் எல்லாம் ஒன்றாகக் கலந்துதான் கேட்கும், எது பேச்சு எது சத்தம் என்று பிள்ளைக்குப் பிரிக்கத் தெரியாது. மைதிலி என்னைப் பார்த்தாள்.

மார்ச் 14, வியாழன்

ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். குழந்தைக்குத் தொந்தரவு இல்லை என்று நீங்கள் எழுதியது தப்பு, அவனுக்குக் காது கேட்காது, தறியை நானே வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்கிறேன் என்று. ஆபீசர் படித்துவிட்டு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்.

ஊருக்கு வெளியே மூடிக் கிடக்கும் பழைய அரிசி மில்லை வாடகைக்குப் பேசியிருக்கிறேன். இனிமேல் சைக்கிளில் தினமும் போய் வர வேண்டும். ஆறுச்சாமி, "ஏனுங்ணா, ஜெயிச்ச கேஸுல தறியத் தூக்கறது நீங்க ஒருத்தருதான்" என்றான். மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

ஏப்ரல் 16, செவ்வாய்

ஆறு தறி போயாயிற்று. மில் கட்டடத்தில் கரண்டு லைன் இன்னும் முழுதாக இழுக்கவில்லை. மீதி ஆறும் அடுத்த வாரம்.

ஏப்ரல் 22, திங்கள்

கருவி கொடுக்கும் நாள். மைதிலியும் துளசிமணியும் குட்டியோடு காலையிலேயே போய்விட்டார்கள். மீதித் தறியில் நெய்து கொடுக்க வேண்டிய துணி இருந்ததால் நான் போகவில்லை. அவர்கள் திரும்புவதற்குள் நிறுத்திவிடலாம் என்று இருந்தேன். சீக்கிரமே வந்துவிட்டார்கள்.

நான் வாசலில் இருந்தேன். ஷெட்டில் ஆறு தறியும் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோவிலிருந்து மைதிலி குட்டியோடு இறங்கினாள். குட்டியின் இரண்டு காதின் பின்னாலும் சின்னதாக, வெண்டைக்காய் முனை அளவுக்கு ஒரு கருவி. கேட்டைத் தாண்டி இரண்டு எட்டு வைத்திருப்பாள். குட்டியின் உடம்பு தூக்கிப் போட்டது. கை இரண்டும் விரிந்து, முகம் கோணி, உதடு பிதுங்கி, வீல் என்று கத்தினான். இத்தனை மாதத்தில் பசிக்கு அழுதிருக்கிறான், வயிற்றுவலிக்கு அழுதிருக்கிறான். இது வேறு அழுகை. பயந்த அழுகை.

துளசிமணி பதறிப்போய்க் கருவியைக் கழற்றினாள். உடனே அடங்கிவிட்டான், ஒன்றும் நடக்காததுபோல அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தான். மறுபடி மாட்டினாள். மறுபடி அலறினான்.

"இன்னொருக்கா மாட்டு புள்ள, இன்னொருக்கா!" என்றேன்.

"ஏனுங்கப்பா, புள்ளை பயந்து சாகறான், போயித் தறிய நிறுத்துங்க!" என்று மைதிலி கத்தினாள். கத்திக்கொண்டே சிரித்தாள், கண்ணில் தண்ணீர் ஓடியது.

ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். ஆறு தறியும் அடங்கியது. திரும்பி வாசலுக்கு வந்தபோதும் குட்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தான், தெருவெல்லாம் கேட்டது. ஜெசிந்தா மேடம் கையில் பேப்பர்கட்டோடு அவர் வீட்டு மதிலுக்கு ஓடிவந்தார்.

"என்ன சார் ஆச்சு? பாப்பா ஏன் இப்படி அழுவுது?"

"காது கேக்குதுங்க மேடம்!" என்றேன். "அதுதானுங்க அழுகறான்!"